விளக்கும் நெய்யும்: வகுப்பறைக் கருவிகளுக்குத் திட்டமும் நிதியும்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயில்வோர் 'நந்தா விளக்கு' என்னும் தொடரைப் பலகாலும் எதிர்கொள்வர். இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய விளக்கு அது. அதனை வழங்கிய கொடையாளர் விளக்கை மட்டும் கொடுத்து அமைந்தாரல்லர். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளை உடன் அளித்தனர். அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். மூத்தவையும் இறந்தவையும் கழிய, பிறக்கும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குன்றாது. ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன.

விளக்கு ஒருநாட் செலவு. நெய் என்றுமுள்ள செலவு. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் தெளிவுற உணர்ந்திருந்தனர். இன்று கணினி, புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, இணைய இணைப்பு ஆகியவற்றை வகுப்பறைதோறும் கொண்டுசேர்க்க முனையும் பள்ளி நிருவாகங்கள் முதற்கண் சிந்திக்க வேண்டியதும் இவ்வேறுபாட்டையே. ஒரு பள்ளி இத்தகைய விரிவாக்கத்தை எவ்வாறு திட்டமிடலாம், அதற்குரிய பொருளை எங்கிருந்து திரட்டலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி எவர் பொருட்டு?

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு கற்றோர் அறிஞராகவில்லையா எனப் பெரியோர் சிலர் வினவுவர். நேர்மையான வினா அது. நல்லாசிரியர் ஒருவருக்கு ஈடாக எந்தக் கருவியும் நிற்காது. எனினும், இதயத்தின் தடுக்கிதழ்கள் திறந்து மூடும் இயக்கத்தையும், கோள்களின் சுழற்சியையும் நிலையான படத்தைவிட இயங்கும் படம் எளிதில் உணர்த்தும். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு, திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் 'என்விடிஏ' போன்ற கட்டணமில்லா மென்பொருள் புதியதொரு நூலகத்தையே திறந்துவிடும்.

இதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. தனி அறையும் மடிக்கணினியும் உடைய பிள்ளை தொடர்ந்து கற்றது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்ட குடும்பத்தின் பிள்ளையோ கற்க வழியின்றி நின்றது. வசதியுள்ள பிள்ளை கணினியை வீட்டிலேயே பழகிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் உள்ள கணினி ஒன்றே கணினி. அது பழுதாகி உறையிட்டுக் கிடந்தால் இழப்பு முழுவதும் அந்தப் பிள்ளையையே சாரும். எனவே பள்ளியின் கருவிகள் ஓடுகின்றனவா என்பது நீதி பற்றிய வினாவுமாகும்.

விளக்கின் விலையும் நெய்யின் விலையும்

பள்ளிகளுக்குக் கருவி வாங்குவோர் பெரும்பாலும் விலைப்பட்டியலையே நோக்குவர். பட்டியலில் இடம்பெறாத செலவுகள் பல. மின்கட்டணம், இணையக் கட்டணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய யுபிஎஸ் பேட்டரி, பழுதுநீக்கம், ஆசிரியர் பயிற்சி, நிருவாகமே ஊதியம் வழங்கும் கணினி ஆசிரியரின் சம்பளம், இறுதியாகக் கருவி முதுமையுற்றபின் புதியது வாங்கும் செலவு ஆகியன அவை.

இவற்றின் அளவை அறிய அரசின் கணக்கொன்றே போதும். 2018இல் தொடங்கப்பெற்ற 'சமக்ர சிக்ஷா' திட்டம், பள்ளியொன்றில் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறைச் செலவாக 6.40 இலட்சம் ரூபாய் வரையிலும், தொடர்செலவாக ஆண்டுக்கு 2.40 இலட்சம் ரூபாய் வரையிலும் ஐந்தாண்டுகளுக்கு வழங்க விதி வகுத்தது. ஐந்தாண்டுத் தொடர்செலவைக் கூட்டினால் 12 இலட்சம் ரூபாய் ஆகின்றது. அதாவது, விளக்கின் விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நெய்க்கு வேண்டும் என்று அரசே கணக்கிட்டுள்ளது. கருவிக்கு மட்டும் பணம் திரட்டிவிட்டுத் திறப்புவிழா நடத்தும் பள்ளி, செலவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எண்ணிப்பார்த்துள்ளது எனலாம்.

எடுத்துக்காட்டாக, 850 மாணவர் பயிலும் ஒரு பள்ளியைக் கருதுவோம். ஆறு வகுப்பறைகளுக்கு 6,00,000 ரூபாயில் கருவிகள் வாங்கப்படுகின்றன. அவற்றின் ஆயுள் ஆறாண்டு எனக் கொள்வோம். ஏழாம் ஆண்டு மீண்டும் வாங்க வேண்டுமாயின், ஆண்டுதோறும் 1,00,000 ரூபாய் ஒதுக்கிவைத்தல் வேண்டும். பழுதுக்கும் பேட்டரிக்கும் 40,000 ரூபாய், மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் 30,000 ரூபாய் எனக் கொண்டால், ஆசிரியர் ஊதியம் நீங்கலாக ஆண்டுச் செலவு 1,70,000 ரூபாய். மாணவர் தலைக்கு 200 ரூபாய் என்னும் கணக்கு இது. தொகைகள் ஊருக்கு ஊர் மாறலாம். கணக்கிடும் முறை மாறாது. இக்கணக்கு எழுதப்படாத எந்த விரிவாக்கத் தீர்மானத்தையும் நிருவாகக் குழு ஏற்றல் கூடாது.

பிறர் பெற்ற பட்டறிவு

தென்னமெரிக்க நாடாகிய பெரு, 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது. அந்நாட்டின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319இல் நிகழ்ந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. மாணவர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்திருந்தது. ஆயினும் கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. பொது அறிதிறனில் சிறிது நன்மை காணப்பட்டது. கருவி சென்ற அளவுக்கு, அதனைப் பாடத்தோடு பிணைக்கும் ஆசிரியர் பயிற்சி செல்லவில்லை என்பதே இதிற்பெறும் பாடம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம், மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தை 2013இல் தொடங்கிற்று. மொத்த மதிப்பீடு 100 கோடி டாலரை விஞ்சியது. பள்ளிக் கட்டடங்களுக்கெனத் திரட்டப்பெறும் நெடுங்காலக் கடன் பத்திரங்களிலிருந்து இதற்குப் பணம் எடுக்கப்பட்டது. பாடமென்பொருள் முழுமையாக ஆயத்தமாகவில்லை. வழங்கிய சில வாரங்களிலேயே மாணவர் தடுப்புகளை நீக்கிவிட்டனர். 2014 ஆகஸ்டில் அவ்வொப்பந்தம் நிறுத்தப்பட்டது. கட்டடம் பல்லாண்டு நிற்கும். கருவி சில ஆண்டே உழைக்கும். சில ஆண்டுப் பொருளுக்குப் பல்லாண்டுக் கடன்படுதல், உண்ட சோற்றுக்குப் பேரன் காலத்தில் விலை கொடுப்பதை ஒக்கும்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2001இல் தோன்றி, 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக உருவெடுத்தது. 2018இல் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் பணி தொடங்கிற்று. ஈண்டு நோக்கத்தக்கவை நான்கு. முதலாவது, ஆசிரியர் பயிற்சி பல்லாண்டு முன்னரே வேரூன்றியிருந்தது. இரண்டாவது, மின்வசதியும் பூட்டும் பாதுகாப்பும் உடையதாக வகுப்பறையை ஆயத்தம் செய்த பின்னரே கருவி வந்தது. இப்பணியில் பெற்றோரும் பழைய மாணவரும் உள்ளாட்சி மன்றங்களும் பங்கேற்றனர். மூன்றாவது, கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டமையால் உரிமக் கட்டணம் மிஞ்சியது. நான்காவது, மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் ஐந்தாண்டு உத்தரவாதம் வாங்கும்போதே பெறப்பட்டது. 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களும் 2018இல் அமைக்கப்பெற்றுக் கருவிகளைப் பேணுவதில் மாணவரையே துணையாக்கின.

பொருள் வரும் வழிகள்

ஒவ்வொரு நிதிவழிக்கும் ஓர் இயல்புண்டு. அதனை அறிந்து பயன்படுத்துவதே நிதித்திட்டத்தின் உயிர்நாடி.

1993இல் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் நீடித்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதற்கு உரியது; தொடர்செலவுக்கு அதனை நாட இயலாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கின்றது. கல்வி அப்பணிகளுள் ஒன்று. நிறுவனத்தாரும் கண்ணுக்குப் புலனாகும் பொருளையே பெரிதும் விரும்பி அளிப்பர். அரசுப் பள்ளிகளுக்காகத் தமிழகத்தில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. கொடையாளரைப் பள்ளிகளோடு இணைப்பது அதன் பணி. இவையெல்லாம் விளக்குக்கு ஏற்ற வழிகள்.

நெய்க்கு ஏற்ற வழிகள் வேறு. பழைய மாணவர் ஒருவர் ஒரே தவணையில் 10,000 ரூபாய் தருவதைவிட, பத்தாண்டுகள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தருவது இப்பணிக்கு மிகுதியும் பயன்படும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவர்க்கு இது சுமையன்று. மாணவர் கட்டணத்தில் இதனைச் சேர்க்க நேரின், இயலாதார்க்கு விலக்களிக்கும் விதியையும் உடன் எழுதிவிடல் வேண்டும். இல்லையேல் எவர் பொருட்டுக் கருவி வாங்கினோமோ அவரே அதற்காக வருந்த நேரும்.

இவற்றினும் உறுதியானது நிலைக்கொடை. வக்ஃபு என்னும் அறத்தின் இலக்கணமும் அதுவே: மூலப்பொருள் விற்கப்படாது, அதன் விளைவே அறத்துக்குச் செல்லும். கடையொன்றின் வாடகை திங்களுக்கு 14,200 ரூபாய் வருமாயின், ஆண்டுக்கு 1,70,400 ரூபாய் ஆகின்றது. மேலே காட்டிய பள்ளியின் ஆண்டுச் செலவு முழுவதையும் அந்த ஒரு கடையே தாங்கிவிடும். சாவா மூவாப் பேராட்டின் இக்கால வடிவம் இஃதன்றோ! பெயர்ப்பலகையோடு கணினி வழங்க முன்வரும் செல்வரிடம், அக்கணினி என்றும் ஓடுவதற்குரிய கொடையை வேண்டிப் பெறுதல் நிருவாகிகளின் திறம்.

படிப்படியாக விரித்தல்

திட்டத்தின் முதற்படி, வாங்குதல் அன்று, அளத்தல். எத்தனை அறைகளில் பாதுகாப்பான மின்கம்பி அமைப்பும் எர்த்திங்கும் உண்டு? பள்ளியின் மின்இணைப்பு கூடுதல் சுமையைத் தாங்குமா? மழைக்காலத்தில் ஒழுகாத கூரையும் உறுதியான கதவும் உளவா? முன்னர் வாங்கிய கருவிகளுள் எத்தனை இன்று இயங்குகின்றன? இவ்வினாக்களுக்கு விடை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் படி, ஆசிரியரை ஆயத்தம் செய்தல். எப்பாடத்தில் எப்பகுதிக்குக் கருவி வேண்டும் என்பதை ஆசிரியரே பட்டியலிட வேண்டும். அப்பட்டியலிலிருந்து கருவியைத் தெரிவு செய்தல் முறை. விற்பனையாளர் காட்டும் படத்தேட்டிலிருந்து தெரிவு செய்தல் தலைகீழ்.

மூன்றாம் படி, சிறிதாகத் தொடங்குதல். முதலாண்டு இரண்டு அறைகளில் மட்டும் அமைத்து, வாரத்துக்கு எத்தனை பாடவேளை பயன்பட்டன, எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தன என்பதைப் பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும். அப்பதிவேடு நற்சான்று கூறினால் அடுத்த ஆண்டு விரிக்கலாம். கொடையாளரிடம் காட்டுவதற்கும் அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

நான்காம் படி, கொள்முதல் ஒழுங்கு. குறைந்தது மூவரிடம் விலைப்புள்ளி பெறுதல், உத்தரவாதக் காலத்தையும் பழுதுநீக்கும் கெடுவையும் ஒப்பந்தத்தில் எழுதுதல், இருப்புப் பதிவேட்டில் எண்ணிட்டுப் பதிதல் ஆகியன தவிர்க்கவொண்ணாதவை. பயன் முடிந்த கருவிகளைப் பழைய இரும்புக் கடையில் போடுதல் தகாது. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உரிய மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

ஐந்தாம் படியாகச் சிறிய செய்தியொன்றைக் கூறுவோம். நாம் சென்று கண்ட பள்ளிகள் சிலவற்றில் கணினி அறையின் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள்ளேயே உறங்குகின்றது. பழுதாகிவிட்டால் விடை சொல்ல நேருமே என்னும் அச்சமே அதற்குக் காரணம். பழுதுக்கென நிதி ஒதுக்கப்பட்ட பள்ளியில் இவ்வச்சம் நீங்கும். சாவி ஆசிரியர் கைக்கு வரும். தொடர்செலவு நிதியின் பெரும்பயன் இதுவே எனக் கருதுகிறோம்.

நிறைவாக

ஒரு பள்ளியின் வளர்ச்சியை அது வாங்கிய கருவிகளின் எண்ணிக்கையால் அளப்பது எளிது. அவை ஐந்தாம் ஆண்டில் எத்தனை ஓடுகின்றன என்பதால் அளப்பதே முறை. நிருவாகிகளும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஊர்ப் பெரியோரும் ஒரே அவையில் அமர்ந்து, அடுத்த கருவிக்கான தீர்மானத்தை எழுதும் அதே தாளில் அதன் ஆண்டுச் செலவுக்கான வழியையும் எழுதுவார்களாயின், ஏழைப் பிள்ளையின் கல்விக்கு அதனினும் பெரிய உறுதிமொழி வேறில்லை. நெய்க்கு வழி கண்டு விளக்கேற்றுவோமாக!