சாட்சி சொன்னதும் கருவி எழுதியதும்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். தடை நீங்க வேண்டிக்கொண்டு உடைக்கிறார்கள். கோர்ட், கேஸ் என்று அலைகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். மாவட்ட நீதிமன்றம் இருக்கும் வஞ்சியூருக்கு இங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் கடை வைத்திருக்கும் இடம். அவர்களில் ஒருவர் செக் பவுன்ஸ் வழக்கில் கூண்டேறினால், அவர் வாய்மொழியை எழுதிக்கொள்ளும் வேலை இப்போது மென்பொருளுக்குப் போயிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் கேரளத்தின் கீழமை நீதிமன்றங்கள் சாட்சியம் பதிய 'அதாலத் ஏஐ' என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பது உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் கருவி அது.

இதற்குச் சில மாதம் முன்பு, 2025 ஜூலையில், அதே உயர் நீதிமன்றம் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கையே வகுத்துவிட்டது. இந்திய உயர் நீதிமன்றங்களில் இதுதான் முதல். தீர்ப்பு சொல்லவோ, முடிவுக்கு வரவோ, சட்டக் காரணங்களை அலசவோ ஏஐயைத் தொடக்கூடாது. அங்கீகரித்த கருவிகளைத் தவிர, சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். வழக்கு விவரம் வெளியே கசியும் என்ற பயம்தான் காரணம். கருவி செய்த மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எந்த வேலைக்கு எந்தக் கருவி பயன்பட்டது, யார் சரிபார்த்தார்கள் என்று குறித்துவைக்க வேண்டும். மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

இவ்வளவு கெடுபிடி வீண் இல்லை. 2023-இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கித் தந்த தீர்ப்புகளை நிஜம் என்று தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அமெரிக்கக் கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றிலேயே, நிஜத்தில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று. சில நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேரளக் கொள்கை நீதிபதிகளையும் ஊழியர்களையும் கட்டுப்படுத்துகிறதே தவிர வழக்கறிஞர்களை அல்ல. ஓட்டை அங்கேதான் பெரிதாக இருக்கிறது.

பொய்த் தீர்ப்பையாவது நூலகத்தில் தேடிப் பிடித்துவிடலாம். சாட்சியப் பதிவில் விழும் பிழையை அப்படிப் பிடிக்க முடியாது. "அந்தக் கையெழுத்து உங்களுடையதா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்கிறார்கள். "என்னோடது மாதிரி இருக்கு" என்கிறார் சாட்சி. மின்விசிறிச் சத்தம், வெளியே கூட்டம், பாதி தமிழும் பாதி மலையாளமுமான பேச்சு. கருவி 'மாதிரி'யை விழுங்கிவிட்டால் சந்தேகம் ஒப்புதலாகிவிடும். மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அவர் முன் இருப்பது அந்தத் தாள்தான். தட்டச்சரும் தவறு செய்வார், உண்மைதான். ஆனால் காதில் சரியாக விழாவிட்டால் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டிருப்பார். தீர்ப்பெழுதக் கருவி கூடாது, சாட்சியம் எழுதலாம் என்று கோடு கிழித்தது நியாயமே. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்தே இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

நாள் கணக்கில் கையால் எழுதி மாய்ந்த நீதிபதிகளுக்கு இந்தக் கருவி பெரிய விடுதலை. வழக்குகள் விரைந்தால் சாலைக் கடைக்காரருக்கும் லாபம்தான். ஆனால் அவர் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று உண்டு. குற்ற வழக்குகள் பலவற்றில் பதிந்த சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் புரியும் மொழியில் விளக்க வேண்டும். இது கணினி வருவதற்கு முன்பிருந்தே உள்ள சட்டம். அவசரத்தில் பல இடங்களில் வெறும் சடங்காகிப் போனது. கேரள நீதிமன்றத்தில் நீங்கள் சாட்சி சொல்ல நேர்ந்தால், கையெழுத்துப் போடுமுன் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.