பொதுச் சேமிப்பகமும் பல சேவையகங்களும்

ஒரு நிறுவனத்தின் கணக்குகளும் ஆவணங்களும் ஒரேயொரு கணினியின் அகத்தேயுள்ள வட்டில் இருப்பின், அக்கணினி செயலிழந்தவிடத்து அவையும் எட்டாப் பொருளாகிவிடும். வைத்தியசாலை, வங்கி முதலியவற்றில் இந்நிலை பெருங்கேட்டை விளைக்கும். ஆதலின், சேமிப்பகத்தைத் தனியே பிரித்து, வலையமைப்பு வாயிலாகச் சேவையகங்கள் பலவற்றுக்கும் பொதுவாக்கும் முறை தோன்றிற்று. அதனை அமைக்கும் வகையும், அதன்கண் நேரத்தக்க இடரும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலாவது, வட்டுத் தொகுதி. சிறு வட்டுக்கள் பலவற்றை ஒருங்குசேர்த்துப் பெருவட்டொன்றாகப் பயன்படுத்தும் 'றெயிட்' முறையினைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்துப் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவரும் 1988 ஆம் ஆண்டில் விளக்கினர். அதன் ஐந்தாம் வகையில், 4 வட்டுக்களுள் 3 வட்டுக்களின் கொள்ளளவு தரவுக்கும், ஒன்றின் கொள்ளளவு சரிபார்ப்புக் குறிக்கும் ஒதுக்கப்படும். ஒரு வட்டுப் பழுதுறின், அதிலிருந்தவற்றை எஞ்சியவற்றினின்றும் கணித்துப் பெறலாம். இரண்டு ஒருங்கே பழுதுறினும் தாங்கவல்லது பின்னர் வந்த ஆறாம் வகை.

இரண்டாவது, இணைப்பு. 1994 ஆம் ஆண்டில் நியமமாகிய 'பைபர் சனல்' இதற்கெனவே தனி வலையமைப்பை வேண்டுவது. 2004 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற 'ஐ-ஸ்கசி' பொதுவான வலையமைப்பிலேயே வட்டுக் கட்டளைகளைச் செலுத்துவது. எதனைக் கொள்ளினும், ஒவ்வொரு சேவையகத்திலிருந்தும் வெவ்வேறு ஆளிகளினூடாக இரு வழிகள் அமைதல் வேண்டும். அவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டும் மென்பொருள் இல்லையாயின், ஒரே வட்டு இரு வட்டுக்களாகத் தோன்றும்.

மூன்றாவது, பங்கீடு. தொகுதி முழுவதும் 'லன்' எனப்படும் தருக்க வட்டுக்களாக வகுக்கப்பட்டு, எது எச்சேவையகத்துக்குப் புலப்படவேண்டுமென வரையறுக்கப்படும். இவ்வரையறை தவறின், ஒரு சேவையகம் பிறிதொன்றின் வட்டை வெற்றுவட்டெனக் கருதி அழித்தலுங் கூடும்.

இனி, ஒரே தருக்க வட்டை இரு சேவையகங்கள் ஒருங்கே ஆளுமிடத்து நிகழ்வது யாது? சாதாரணக் கோப்பு முறைமை, வட்டுக்குத் தானே தனியுரிமையாளன் என்னும் கருத்துடன் இயங்குவது. எப்பகுதி வெறுமையாயுள்ளது என்னும் குறிப்பினை அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஆகவே, இரு சேவையகங்களும் ஒரே வெற்றிடத்தைத் தெரிந்து வெவ்வேறு தரவுகளை எழுதும். பின்னெழுதியது முன்னையதை அழிக்கும். வட்டுத் தொகுதியோ கோப்பை அறியாது. இட்ட கட்டளைப்படி எழுதுவதன்றி இதனைத் தடுக்காது. பழுது உடனே வெளிப்படாது, நாட்கள் சில கழிந்தபின் தோன்றுவதுமுண்டு.

இதற்கு மருந்து, பூட்டு முறையுடைய கூட்டுக் கோப்பு முறைமையாம். ஒரு குளத்து நீரை வயல்கள் முறைவைத்துப் பெறுமாறுபோல, சேவையகங்கள் எழுதுமுன் பூட்டைப் பெற்றுப் பின் விடுவிக்கும். 'ஜீ. எவ். எஸ். 2', 'ஓ. சீ. எவ். எஸ். 2' என்பன இவ்வகையின. ஆயினும், மறுமொழி தராத சேவையகம் இறந்ததென்று கொள்ளலாகாது. தொடர்பு மட்டுமே அறுந்திருக்கலாம். எனவே, பெரும்பான்மைத் தொடர்புடைய பகுதி, மற்றையதைச் சேமிப்பகத்தினின்றும் முதலில் விலக்கிவிட்டே அதன் பணியை ஏற்றல் வேண்டும். இவ்விலக்கலைப் புறக்கணித்த அமைப்பு எத்துணை விலையுயர்ந்ததாயினும் பாதுகாப்பற்றதே.

கோப்புக்களைப் பகிர்தல் மட்டுமே நோக்கமாயின், 1984 ஆம் ஆண்டில் சண் நிறுவனத்தில் உருவான 'என். எவ். எஸ்.' போன்ற முறை எளிது; ஆங்கு வட்டை ஆள்வது ஒரு சேவையகமே, ஏனையவை அதனிடங் கேட்டுப் பெறும். எம்முறையாயினும், பொதுச் சேமிப்பகம் காப்புப் பிரதிக்கு ஈடாகாது. ஒருவர் தவறுதலாக அழித்தது அனைவர்க்கும் அழிந்ததேயாதலின், பிரதியொன்று வேறிடத்தில் இருத்தல் இன்றியமையாதது.