ரோல்லபாட்டுக் கானமயில்

ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் தெற்கே போனால் கர்நூல். அதைத் தாண்டி நந்திகொட்கூர் பக்கம் ரோல்லபாடு. பார்ப்பதற்கு வெறும் புல்தரை. கானமயில் என்ற பறவைக்காகவே இது 1988-ல் சரணாலயமானது. அந்த ஊர்க்காரர்கள் கானமயிலை ‘பட்டமேக பிட்ட’ என்பார்கள்.

கானமயில் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். வளர்ந்த ஆண் 15 கிலோ வரை கனக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் இதைவிடக் கனமானவை உலகிலேயே மிகச் சில. காலைப் பார்த்தால் இதன் வாழ்க்கை விளங்கிவிடும்: முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டும்தான், பின்விரல் கிடையாது. கிளையைப் பற்ற வழியில்லை. ஆகவே மேய்வது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாமே தரையில். வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், இலந்தைப்பழம், வயலோரத்து நிலக்கடலை என்று கிடைப்பதைத் தின்னும்.

மழைக்காலத்தில் ஆண் சற்று மேடான இடமாகப் பார்த்து நிற்கும். தொண்டைப் பை காற்றால் உப்பி, வெள்ளையாகக் கால் வரை தொங்கும். வால் நிமிர்ந்து முதுகின் மேல் மடங்கும். அப்போது எழும் முழக்கம் அரை கிலோமீட்டர் வரை கேட்கும். இணை சேர்ந்ததோடு ஆணின் பங்கு முடிந்தது. பெண் கூடு கட்டாமல் வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிட்டு, ஏறத்தாழ 27 நாள் தனியாக அடைகாக்கும். அந்த ஒன்றையும் நாயோ காக்கையோ கொண்டுபோனால் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

மின்கம்பி இதற்கு எமன். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கோரிப் பறவையை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: பறக்கையில் தரையைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் நேரெதிரே உள்ளது பார்வையில் விழாது. அப்படியே கம்பி தெரிந்தாலும் இவ்வளவு கனமான உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. 2024-ல் அதைத் தளர்த்தியது.

1980-களில் அசத் ரஹ்மானியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் ரோல்லபாட்டில் இந்தப் பறவையை விரிவாக ஆராய்ந்தார்கள். பிறகு பாசன நீர் வந்தது, சுற்றிலும் மானாவாரி விவசாயம் மாறியது. வெளிமான்கள் பெருகின. கானமயில் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

இன்று நாடு முழுவதிலும் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம். அங்கே 2019 முதல் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. இது பெரிய சாதனை. ஆனால் அந்தக் குஞ்சுகளின் சந்ததி தக்காணத்துக்குத் திரும்ப வேண்டுமானால் இங்கே புல்வெளி இருக்க வேண்டும். தரிசு என்று பெயர் சூட்டி அதில் மரம் நடுவதை நாம் முதலில் நிறுத்தியாக வேண்டும்.