கீறலுக்குள் இருக்கும் காற்று

பழைய கிட்டாரின் மேல் நகம் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. துணி வைத்துத் தேய்த்தால் போகாது. விரலை நனைத்து வைத்தால் சட்டென்று மங்கும். ஈரம் காய்ந்ததும் பழையபடி வெளுக்கும். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் கோயில் பாடற்குழுவிலும் கல்யாணக் கச்சேரியிலும் கைமாறிக்கொண்டே இருக்கும் கிட்டார் எதிலும் இதைப் பார்க்கலாம்.

அந்த வெள்ளைக்குக் காரணம் காற்று. மரத்தின் மேலுள்ள பூச்சின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். கீறலின் உட்புறம் முழுக்க ஒழுங்கற்ற சின்னஞ்சிறு பரப்புகள். அவை ஒளியை நாலாபுறமும் சிதறடிக்க, கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. தண்ணீருக்கு 1.33, காற்றைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்ததும் சிதறல் குறைகிறது. 1.5-ஐ ஒட்டிய பொருள் ஒன்று உள்ளே புகுந்து, காய்ந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டால் கோடு காணாமல் போகும்.

தச்சர் கைக்கு முதலில் வருவது லப்பம், அல்லது மரத்தூளில் பெவிகால் குழைத்த கலவை. மரமே பெயர்ந்த குழிக்கு அது சரி. பூச்சில் மட்டும் விழுந்த பள்ளத்துக்கு ஆகாது. லப்பத்திலுள்ள தூள் தானும் ஒளியைச் சிதறடிக்கும். பூச்சின் பள்ளத்தைத் தெளிந்த பூச்சால்தான் அடைக்க வேண்டும்.

எந்தப் பூச்சு? கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தால் தெரியும். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ், அதாவது என்.சி. லேக்கர். இரண்டுக்கும் மசியவில்லையா, பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இன்றைய மலிவு விலைக் கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான்.

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. உயர்ரகக் கிளாசிக்கல் கிட்டார்களுக்கு இன்றும் பூசப்படும் பிரெஞ்ச் பாலிஷின் மூலப்பொருள், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரசு, இலந்தை, பூவத்தி மரக்கிளைகளை மொய்க்கும் கெரியா லாக்கா என்ற பூச்சி சுரப்பது. இதை ஆராயவே ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அரக்கு கரைய ஆல்கஹால் வேண்டும். புதுச்சேரியில் அதற்கா பஞ்சம் என்று தோன்றலாம், ஆனால் 42.8 சதவீத பிராந்தி உதவாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்.

அரக்குக்கும் லேக்கருக்கும் பொதுவான நல்ல குணம் ஒன்று உண்டு: புதுச் சொட்டு பழைய பூச்சின் விளிம்பைக் கரைத்து அதோடு கலந்துவிடும், எல்லைக்கோடு தெரியாது. கெட்ட குணம், சுருங்குவது. தின்னர் கலந்த லேக்கரில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற திரவம்தான். காலையில் மேடாக வைத்த சொட்டு மாலையில் பள்ளமாகியிருக்கும். மேல்தோல் காய்ந்தாலும் அடியில் சிக்கிய தின்னர் நாள்கணக்கில் கசியும். அவசரப்பட்டு இழைத்தால், சமமாக்கிய இடம் சில வாரங்களில் மறுபடி குழியும். நாளைக்கே தருகிறேன் என்று சொல்லும் பட்டறையில் கிட்டாரைக் கொடுக்க மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு தொல்லை. பாகூர் ஏரி நிரம்பி, வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும் காலம். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 25 டிகிரி. வேகமாக ஆவியாகும் தின்னர் பூச்சிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். மேற்பரப்பு 3 டிகிரி குளிர்ந்தாலே போதும், ஈரம் அதன்மேல் படிந்து லேக்கர் பால்போல் வெளுத்துவிடும். வைகாசிப் பிற்பகலில் 37 டிகிரி, 45 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 23. 14 டிகிரி குளிர்ந்தால்தான் வெளுக்கும். மழைக்காலத்தில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் சேர்ப்பது இதற்காகத்தான். இரண்டு வெயில் பார்த்துப் பூசுவது அதைவிட மேல்.

பாலியூரித்தேனில் எதுவும் கரைந்து கலக்காது. அங்கே பெவிகுவிக் வகைப் பசையான சயனோஅக்ரிலேட் கைகொடுக்கும். கரைப்பான் இல்லாததால் அதிகம் சுருங்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகும். லேக்கருக்குப் பகையான அதே ஈரம் இதற்குத் துணை. ஆனால் ஒரே மூச்சில் தடிமனாக ஊற்றினால் கலங்கிப்போகும். மெல்லிய சொட்டுகளாகத்தான் ஏற்ற வேண்டும்.

இனி மழமழப்பு. பிளேடின் இரு ஓரத்திலும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் கூர் தெரியவிட்டு மேட்டைச் சுரண்டினால் சுற்றியுள்ள பூச்சு பிழைக்கும். பிறகு சோப்புத் தண்ணீரில் 800, 1000, 1500, 2000 என்று உப்புத்தாள். தாளுக்குப் பின்னால் தட்டையான ரப்பர் கட்டை இருக்கட்டும். விரல் நுனி புதுப்பள்ளம் தோண்டும். ஆணித் துளைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பும். 2000-ஆம் எண் தாளின் மணல் சுமார் 10 மைக்ரான். கண் காணும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். அதனால் தாளோடு நிறுத்தினால் மங்கல்தான். வண்டி பெயின்ட் கடையின் ரப்பிங் காம்பவுண்ட் மீதியைச் செய்யும். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷை மட்டும் வேலை முழுக்க முடியும்வரை கிட்டவே கொண்டுவராதீர்கள். அதன் பரப்பு இழுவிசை மிகக் குறைவு; சிலிக்கோன் பட்ட இடத்தில் அடுத்த சொட்டு ஒட்டாமல் விலகி, மீன்கண் மாதிரி வட்டக் குழியாக நிற்கும்.