ஈர வெப்பத்தில் நெடுந்தூர ஓட்டம்

தோட்ட விளையாட்டுப் போட்டிக்காக, பால்மரம் வெட்டி முடித்த கையோடு நண்பகல் வெயிலில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் காண்கிறோம். ஊக்கம் பாராட்டத்தக்கதே, நேரந்தான் தவறு. வெயில் நம்மவர்க்குப் புதிதன்று. எனினும் மரநிழலில் நடந்து உழைப்பது வேறு, ஓடுவது வேறு. ஓடும்போது தசைகளே அடுப்பாகின்றன. வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிராது; அது ஆவியாக வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. மாலையில் சிறுகச் சிறுகத் தொடங்கினால், 10 முதல் 14 நாட்களில் உடல் பழகும். வியர்வை விரைவில் சுரக்கும், அதிலுள்ள உப்பும் குறையும்.

ஓடுபவர் தள்ளாடிப் பேச்சுக் குழறினால், அதனை வெறும் களைப்பென்று எண்ணலாகாது. அது உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே 999ஐ அழைத்து, அவரை நிழலில் கிடத்தி, உதவி வரும்வரை உடலெங்கும் நீரூற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர்க்கு நீர் புகட்டலாகாது.