டிராக்டரில் கை வைக்குமுன் ஒரு கேள்வி

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்று, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற டிராக்டரையும் டிரெய்லரையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வண்டியில் ஏதோ ஒன்றைக் கூட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அதை நாமே செய்துகொள்வதா, கூலி கொடுத்துப் பட்டறையில் செய்வதா? இதுதான் விஷயம்.

"இதுக்குப் போய் எதுக்குங்க பட்டறை? பையன் ஐ.டி.ஐ. படிச்சிருக்கான், வீட்டிலேயே முடிச்சிடுவோம்" என்பார் ஒருவர். "நமக்கெதுக்கு வம்பு? பல்பு மாத்தறதுக்குக்கூட நான் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன்" என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால், இரண்டு பேருமே நஷ்டப்படுகிறவர்கள்தான்.

பெரியவர்கள் போட்ட கோடு

மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். வண்டிக்கு மை போடுவது, பூட்டாங்கயிறு மாற்றுவது, படல் கட்டுவது எல்லாம் அவர்களே செய்தார்கள். அதற்கு யாரையும் கூப்பிட்டதில்லை. ஆனால் அச்சு மாற்றவும், சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடவும் ஆசாரியிடமும் கொல்லரிடமும்தான் போனார்கள். கூலியாக நெல் அளந்தார்கள். எது நம் கை வேலை, எது தொழில்காரன் வேலை என்று அவர்கள் மனதில் ஒரு கோடு இருந்தது. டிராக்டர் வந்த பிறகு அந்தக் கோடு அழிந்து போய்விட்டது.

அதை மறுபடியும் போட ஒரே ஒரு கேள்வி போதும். "நான் செய்கிற இந்த வேலை வழியிலே உடைந்தால் என்ன ஆகும்?" வேலை நின்றுபோகும், அவ்வளவுதான் என்றால் நீங்களே செய்யுங்கள். ஆளுக்கு அடிபடும், உயிர் போகும் என்றால் பட்டறைக்குப் போங்கள்.

நான் பட்ட பாடம்

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் என் சித்தப்பாவின் டிரெய்லரில், டிராக்டரோடு பின் போட்டு மாட்டுகிற முன்பக்க வளையம் தேய்ந்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. பட்டறையில் புது வளையம் போட 600 ரூபாய் கேட்டார்கள். "நீதான் சயன்ஸ் படிச்சவனாச்சே, நாமே ஒட்டிடலாம்டா" என்றார் சித்தப்பா. பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வெல்டிங் மெஷின் இருந்தது. நானும் பெருமையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை முடிந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெயிண்டும் அடித்தோம்.

மூன்றாம் நாள், 75 கிலோ மூட்டை நாற்பது ஏற்றி, அதாவது 3 டன் பாரத்தோடு, ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது அந்த வளையம் விட்டுப் போயிற்று. டிரெய்லர் பின்னாலேயே உருண்டு வாய்க்காலில் கவிழ்ந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து வந்த ஆளுக்குக் கால் நசுங்கிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏர் பிடிக்கவும் இல்லை, நாற்றுக்கட்டு தூக்கவும் இல்லை. 600 ரூபாய் மிச்சம் பிடித்த கதை இது. இன்றைக்கும் ஊருக்குப் போனால் அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டும்.

தப்பு எங்கே என்று பிற்பாடுதான் விளங்கிற்று. கனமான இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சின்ன மெஷினின் சூடு உள்ளே இறங்காது. துருவைச் சுத்தமாகத் தேய்க்கவில்லை. விரிசலை அடிவரை பள்ளமாகக் கடைந்து எடுத்துவிட்டு நிரப்பவில்லை. சுவரில் சுண்ணாம்பு பூசின மாதிரி மேலாகத்தான் பிடித்திருந்தது. போதாததற்கு, கெட்டியான எஃகு வெல்டிங் சூட்டுக்குப் பிறகு சீக்கிரமாக ஆறினால், ஒட்டின இடத்தை ஒட்டியே நொறுங்கும் தன்மை வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இத்தனை விஷயம் அந்த 600 ரூபாயில் அடக்கம்.

நீங்களே செய்யக்கூடியவை

இனி நம் கை வேலைக்கு வருவோம். முதலாவது, பின் டயரில் தண்ணீர் நிரப்புவது. காய்ந்த நிலத்தில் உழும்போது சக்கரம் வழுக்கினால் டீசலும் வீண், டயரும் வீண். அதற்கு எடை கூட்ட வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் உறுதியாகத் தூக்குங்கள். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக் காற்றை இறக்கி, ஹோஸ் வைத்துத் தண்ணீர் விடுங்கள். நடுநடுவே ஹோஸை எடுத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும். தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்தால் டயர் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்தி, மிச்சத்துக்குக் காற்று அடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. சேற்று உழவுக்கு மட்டும் இந்த எடை ஆகாது, வண்டி புதைந்துவிடும்.

இரண்டாவது, ராத்திரி உழவுக்குக் கூடுதல் விளக்கு. இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. விளக்கின் வாட்ஸை பாட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று தெரியும். 55 வாட்ஸ் விளக்கு இரண்டு என்றால் 110 வாட்ஸ். 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். ஆகவே 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே, கனமான ஒயர் போட வேண்டும். ஃப்யூஸை பாட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒயர் சைலன்சரைத் தொடாமல், தகட்டு ஓரத்தில் உராயாமல் போக வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டுக் காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற காரியம். அப்புறம் எரிவது ஃப்யூஸ் அல்ல, வண்டிதான்.

மூன்றாவது, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது. டிரெய்லருக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு பின் விளக்கு இல்லாமல் இருட்டில் போகிற டிரெய்லர்மேல் வேகமாக வருகிறவன் மோதாமல் என்ன செய்வான்? நம் வேலைகளிலே மிகக் குறைந்த செலவு இதுதான். மிகப் பெரிய பலனும் இதுதான்.

சாமான் பெட்டி, சீட்டுக்கு மெத்தை, வெயிலுக்கு மறைப்பு இவையெல்லாமும் நாமே செய்யலாம். ஏற்கெனவே இருக்கிற துளைகளில் போல்ட் போட்டு மாட்டுங்கள். டிரைவர் தலைக்கு மேல் கம்பெனி போட்டுக் கொடுத்த பாதுகாப்புச் சட்டம் இருந்தால் அதில் துளை போடவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

பட்டறைக்குப் போக வேண்டியவை

இழுவைக் கொக்கி, டிரெய்லர் வளையம், அச்சு, சேஸிஸ், பிரேக், ஸ்டீயரிங், ஹைட்ராலிக், சக்கர ரிம், டீசல் டாங்க். இந்தப் பட்டியலை மனதில் வையுங்கள்.

இதிலே இரண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். டயரோடு இருக்கிற ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. "காத்தைத்தான் இறக்கிட்டோமே" என்பீர்கள். அது போதாது. சூட்டில் ரப்பரிலிருந்து வருகிற வாயு உள்ளே தங்கித் தீப்பிடித்து, குண்டு போல டயர் வெடிக்கும். டயரைக் கழற்றிய பிறகே வேலை நடக்க வேண்டும். அது போலவே காலி டீசல் டாங்க். டீசல் தீர்ந்தாலும் ஆவி தீராது. அந்த ஆவிதான் வெடிப்பது. வண்டியில் எந்த வெல்டிங் வேலை நடந்தாலும் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

கூலி கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். விரிசலைக் கடைந்தாரா, துருவைத் தேய்த்தாரா என்று பாருங்கள். மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டு, துளையோ இடைவெளியோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெயிண்ட். தேய்ந்த வளையத்தை ஒட்டித் தருகிறேன் என்றால், "வேண்டாங்க, புதுசே போடுங்க" என்று சொல்லுங்கள். முன்கூட்டியே கூலி பேசுங்கள், ரசீது கேளுங்கள், பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் முதல் நடை பாதிப் பாரம் ஏற்றி மெதுவாக ஓட்டிவிட்டு, அந்த இடத்தை மறுபடி பாருங்கள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே கனமான காப்புச் சங்கிலி ஒன்றும் மாட்டிவிடுங்கள். எங்கள் வண்டியில் அது இருந்திருந்தால் இன்றைக்கு ஒருவர் நன்றாக நடந்துகொண்டிருப்பார்.

யாரும் செய்யக்கூடாதவை

நாமும் செய்யக்கூடாது, பட்டறைக்காரர் இலவசமாகச் செய்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சில உண்டு.

வேகம் கூட வேண்டும் என்று டீசல் பம்ப்பின் சீலை உடைத்துத் திருகுவது ஒன்று. எஞ்சினின் ஆயுள் குறையும், புகை கூடும், பிரேக் தாங்காத வேகமும் வரும்.

பி.டி.ஓ. தண்டின் மூடியைக் கழற்றிப் போடுவது இன்னொன்று. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. விநாடிக்கு 9 சுற்று. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால், "ஐயோ" என்று சொல்வதற்குள் ஆளை இழுத்துவிடும்.

ரோட்டவேட்டர் போன்ற கருவிகளில், பாரம் மீறினால் தானே முறிவதற்கென்றே ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்ட் போட்டால் போல்ட் முறியாது. கியர் பாக்ஸ்தான் முறியும்.

பாரத்தை இழுவைக் கொக்கிக்கு மேலே, உயரமான இடத்தில் கட்டி இழுப்பதும் அப்படித்தான். முன் சக்கரம் தூக்கி, ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்குள் வண்டி டிரைவர் மேல் மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. டிரெய்லரில் பெஞ்சு அடித்து ஆள் ஏற்றுவதும், பலகையை உயர்த்திப் பாரம் கூட்டுவதும் இந்த வரிசையில் சேர்ந்தவைதான்.

சட்டமும் இதையே சொல்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள, கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அடிபட்ட பிறகு இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் வண்டி அசல்படி இருக்கிறதா என்பதைத்தான்.

"அப்படியென்றால் விவசாயி புதுசாக ஒன்றும் செய்யக்கூடாதா, சார்?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி, 1994 வாக்கில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை மாற்றி, களை எடுக்கவும் விதைக்கவும் ஒரு வண்டியே செய்தார். 'புல்லட் சாந்தி' என்று அதற்குப் பெயர். தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. ஆனால் அவர் இரும்பு வேலையும் எஞ்சின் ரிப்பேரும் கற்றுத் தேர்ந்தவர். தொழில் கைக்கு வந்த பிறகு அவர் புதுமை செய்தார். நான் தொழில் தெரியாமல் சிக்கனம் செய்தேன். வித்தியாசம் அதுதான்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ஆந்திராவில் அனந்தபூருக்குப் பக்கம் கார்லதின்னேயில், தென் மாநிலங்களுக்கான பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையத்தை மத்திய சர்க்கார் நடத்துகிறது. விவரத்தை உங்கள் ஊருக்கு அருகே உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது?

கடைசியாகப் பணக் கணக்கு. பட்டறைக் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் செய்தால் இரும்புக்கும் ராடுக்கும் 400 ரூபாய்தான், ஆகவே 600 லாபம் என்று கணக்குப் போடுகிறோம். வாடகைக்கு வாங்கிய கருவிக்கு எவ்வளவு, கெட்டுப்போன சாமானுக்கு எவ்வளவு, இரண்டு ஆள் ஒரு நாள் உட்கார்ந்த கூலி எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. நடவு நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நஷ்டத்தையும் எழுத வேண்டும். எல்லாம் எழுதிய பிறகும் லாபம் நின்றால், செய்கிற வேலையும் உயிருக்கு அபாயம் இல்லாதது என்றால், சந்தோஷமாக நீங்களே செய்யுங்கள். அதிலே இன்னொரு லாபமும் உண்டு. தன் கையால் கிரீஸ் வைத்து, போல்ட் முறுக்குகிறவன் கண்ணுக்குத்தான் விரிசல் முதலில் தெரியும். வண்டியை யாரிடமோ விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியாது.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, நாளைக் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் செலவு செய்யுங்கள். டிரெய்லர் வளையத்தையும் பின்னையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும் அன்றைக்குப் பாரம் ஏற்ற வேண்டாம், நேராகப் பட்டறைக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.