மலை வீட்டுப் புகைபோக்கியை மழையிலிருந்து காத்தல்

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உள்ள பழைய தோட்ட வீடுகளில் செங்கல் புகைபோக்கிகளை இன்றும் காணலாம். கணப்புக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என இரண்டு உள்ள வீடுகளும் உண்டு. எரிவாயு அடுப்பு வந்த பின் இவற்றில் பல, ஆண்டு முழுவதும் தீயைக் காண்பதில்லை. தொல்லை இங்குதான் தொடங்குகிறது. தினமும் விறகு எரிந்த காலத்தில், மழையில் நனைந்த செங்கல் அந்தச் சூட்டிலேயே உலர்ந்து வந்தது. இப்போது மழைக்கால ஈரம் பல மாதங்கள் சுவரிலேயே தங்குகிறது. ஆகவே, பயன்படுத்தாத புகைபோக்கியைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

மூடியில்லாத புகைபோக்கியில் எவ்வளவு நீர் இறங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர அடி வாய் உள்ள புகைபோக்கியில், 1,000 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 93 லிட்டர் நீர் விழும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 820 மி.மீ. அதாவது, ஒரே நாளில் 76 லிட்டர். இந்த நீர் கரியுடன் கலந்து புளிப்புத் தன்மை பெற்று, உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கலவையை அரிக்கிறது. வெளியில் கசியும் நீர் கைமரங்களின் முனையை உளுக்கச் செய்கிறது. பரணில் விதைப்பூண்டு கட்டித் தொங்கவிடும் வீடுகளில் அந்த ஈரத்தால் பூண்டும் பூசணம் பிடித்துக் கெடும்.

பழுது பார்க்குமுன் நீர் எங்கே புகுகிறது என்று அறிய வேண்டும். அடுப்புத் தரையில் ஈரக் கரி விழுந்து கிடந்தால் நீர் வாய் வழியே வருகிறது. கூரைக்குக் கீழே, புகைபோக்கியைச் சுற்றி மேற்பலகையில் பழுப்புக் கறை படிந்தால், கூரை சேருமிடத்தில் குறை. வெளிச்சுவரில் வெள்ளை உப்புப் பூத்தால் செங்கற்களிலும் சந்துகளிலும் நீர் ஊறுகிறது என்று கொள்ளலாம். மற்றொன்றும் உண்டு. மழையே இல்லாத நாளில், மூடுபனி இறங்கியதும் அறைச் சுவரில் திட்டுத் திட்டாக ஈரம் தோன்றும். பல ஆண்டுப் புகையிலிருந்து பூச்சில் சேர்ந்த உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பதே இதற்குக் காரணம். இதற்காகக் கூரையைப் பிரிப்பது வீண் செலவு. அப்பகுதிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் புதிதாகப் பூச வேண்டும்.

வாய்க்கு மேல் நான்கு மூலையிலும் செங்கல் தூண் எழுப்பி ஒரு பலகைக் கல்லோ காங்கிரீட் பலகையோ வைத்தால் போதும். ஓரடிச் சதுர வாய்க்கு இடைவெளி 8 அங்குலமாவது இருக்கட்டும். குறைந்தால் புகை வீட்டுக்குள் திரும்பும். பறவை கூடு கட்டாமலிருக்கக் கம்பிவலை அடிக்கலாம். வலையின் கண் அரை அங்குலத்துக்குக் குறைந்தால் கரி அடைத்துக்கொள்ளும். வாயைச் சுற்றியுள்ள சிமெண்ட் மட்டம் வெளிப்புறமாகச் சரிந்து, சுவரை விட 2 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் விரலளவு பள்ளம் இழுத்தால் நீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும்.

சந்து அடைக்கும் வேலையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. "சிமெண்ட் கெட்டி, நெடுநாள் நிற்கும்" என்று கொத்தனார் சொல்வார். ஆனால் சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் மென்மையானது. சந்தில் கெட்டியான சிமெண்ட் இருந்தால் உள் ஈரம் அதன் வழியே வெளியேறாமல் செங்கல் வழியே வெளியேறும். நாளடைவில் செங்கல் முகம் பொரிந்து உதிர்ந்து, சந்து மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தகைய சுவர்களை மலைகளில் நிறையப் பார்க்கலாம். சிமெண்ட் 1, நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 6 பங்கு கலவை ஏற்றது. செங்கல் மிக மென்மையாக இருந்தால் 1, 2, 9 என்ற விகிதம் நலம். பழைய கலவையை முக்கால் முதல் ஓர் அங்குல ஆழம் வரை சுரண்டி, நீர் தெளித்து, புதியதை அழுத்தி அடைக்க வேண்டும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி வைக்கவும்.

சாதாரண வர்ணத்தையோ தார்ப் பூச்சையோ வெளியே அடித்து மூடக்கூடாது. உள்ளே போன நீருக்கு வழியில்லாமல் போகும். நீரை விலக்கி, ஆவியை விடும் சிலேன்–சிலாக்சேன் வகைத் திரவங்கள் கிடைக்கின்றன. சந்துகள் யாவும் சரிசெய்து நன்கு காய்ந்த பிறகே அவற்றைத் தெளிக்கலாம். விரிசலை அவை அடைக்கமாட்டா.

கூரை சேருமிடத்தில் வெறும் சிமெண்டை அப்பிவிடுவது வழக்கம். மரக் கூரையும் செங்கல் தூணும் வெவ்வேறு அளவில் அசைவதால் அது சீக்கிரமே விரிசல் விடும். நாகத் தகட்டை மடித்து, ஒரு விளிம்பைச் சுவர்ச் சந்துக்குள் ஓர் அங்குலம் செருக வேண்டும். தகடு சுவரில் 6 அங்குலம் ஏறி நிற்கட்டும். மேட்டுப் பக்கத்தில் அது ஓட்டுக்கு அடியிலும், பள்ளப் பக்கத்தில் ஓட்டுக்கு மேலும் வர வேண்டும். அலுமினியத் தகடு ஈரச் சிமெண்டில் அரித்துப் போகும். ஈயத் தகடு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கூரை நீரைக் குடிக்கப் பிடிக்கும் வீட்டில் அது கூடாது. புகைபோக்கியின் அகலம் இரண்டரை அடிக்கு மேலானால், மேட்டுப் பக்கத்தில் இருபுறமும் சரியும் சிறு கூரை ஒன்று அமைத்து நீரைப் பிரித்து விடவும்.

இனி அடுப்பே மூட்டுவதில்லை என்று முடிவு செய்தவர்கள் மேலும் கீழும் செங்கல் வைத்து அடைத்துவிடுகின்றனர். இது கூடாது. மேலே மழை விழாத மூடியும், கீழே ஒரு சாண் அளவு காற்றுச் சாளரமும் இருந்தால்தான் உள்ளே உலரும். பல ஆண்டு கழித்து மீண்டும் தீ மூட்டுவோர், கூடும் உதிர்ந்த செங்கலும் வழியை அடைத்துள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அடைப்பிருந்தால் புகையுடன் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைக்குள் திரும்பி, தூங்குவோரின் உயிரைப் பறிக்கும்.

உதகைப் பக்கம் உறைபனி முடிந்த பின், பிப்ரவரிக் கடைசியிலிருந்து கோடை மழைக்குள் இவ்வேலைகளை முடிப்பது நலம். உறைபனி இரவில் புதுக் கலவை பொருக்குத் தட்டிவிடும். சாரம் கட்டாமல் ஓட்டின் மேல் ஆளை ஏற்றக்கூடாது. கலவை நன்கு இறுகிய பின், சாரத்தைப் பிரிக்குமுன், குழாய் நீரை முதலில் கூரை சேருமிடத்திலும், பிறகு சுவரிலும், கடைசியாக உச்சியிலும் கால் மணி நேரம் வீதம் விடவும். உள்ளே ஒருவர் விளக்குடன் நின்று பார்க்கட்டும். எந்த இடத்தில் நீர் விடும்போது கசிகிறதோ, அந்த இடத்தைக் கொத்தனாரைக் கொண்டு அன்றே திருத்திக்கொள்ளலாம்.